வீரய்யாவின் சிரிப்பு

என் புருஷன் வீரய்யாவிடம் 'அட்ராக்ஷன்' இருக்கிறது என்று முதலில் சொன்னவர் எங்கள் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் இராமநாதன்தான்.

"அப்படின்னா என்னங்கய்யா?" என்றேன்.

"அழகுன்னும் சொல்லலாம். காந்தம் மாதிரி ஆள இழுக்கிறதுன்னும் சொல்லலாம்."

இழுத்துக்கொண்டு போய் எங்கே விடும் என்று கேட்க நினைத்தேன். பாழாய்ப்போன வாய், வேண்டிய நேரத்தில் திறக்காது.

என் புருஷன் தொழிலாளர் சங்கத் தலைவர். வெற்றிலைக் காவிப் பல்லைக் காட்டிச் சிரித்தால், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமே பின்னால் போகும். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஆட்களை இந்தியாவா இலங்கையா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, "அங்க காணி குடுப்பாங்க, வீடு குடுப்பாங்க. நானுந்தான் வர்றேன்" என்றார். நாற்பது குடும்பம் இந்தியாவுக்குக் கைநாட்டு வைத்தது. என் தங்கச்சி மூக்காயியும் வைத்தாள்.

நான் மாட்டேன் என்றுவிட்டேன். இரண்டு பிள்ளைகளை இந்த மண்ணில் புதைத்தவள் நான். எவன் சிரித்தால் எனக்கென்ன? கடைசியில் அவரும் இலங்கை என்றே எழுதிக் கொடுத்து என்னோடு நின்றுவிட்டார். ஆனால் அதை லயத்தில் மூச்சு விடவில்லை. "இப்ப சொன்னா நம்மள காறித் துப்புவாங்க புள்ள" என்றார். நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

சில வருஷத்தில் இந்தியாவுக்குக் கைநாட்டு வைத்தவர்களைப் புறப்படச் சொல்லிக் கடுதாசி வந்தது. கண்டி ஸ்டேசனில் கப்பலேறப் போகிறவர்களுக்கான தலைமன்னார் கோச்சி நிற்கிறது. பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி.

"தலைவரே, நீங்க எப்ப?" என்றான் இருளப்பன், மூக்காயியின் புருஷன்.

அவன் தோளில் கை போட்டு இவர் சிரித்தார். "அடுத்த கோச்சியில."

அழுதுகொண்டிருந்த முகமெல்லாம் தெளிந்தது. நான் இவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "நாசமாப் போக! உண்மையச் சொல்லித் தொலைங்க."

"சொல்லி? தோட்டத்துல அவங்க பேரு வெட்டியாச்சு. இனி எறங்க விடுவானா?" அவர் கண் கலங்கியிருந்தது.

ஜன்னல் வழியாக மூக்காயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மடியில் தகர றங்குப்பெட்டி.

"அக்கா, மச்சான் வர்றேங்கிறாரு. நெசமா? நீ சொல்லு."

இறங்குடி என்று தொண்டை வரை வந்தது. இறங்கி எந்த லயத்தில் நிற்பாள்? அவள் இருந்த காம்பரா அறைக்கு வேறு ஆள் குடிவந்தாயிற்று.

"வராம எங்க போறோம்? நீ முன்னாடி போயி அடுப்பப் பத்த வையி" என்றேன். அவரைப் போலவே பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

அவர் சொன்னதை அவள் பாதிதான் நம்பியிருப்பாள் போல. நான் சொன்ன பிறகுதான் என் கையை விட்டாள்.