பொங்காத மா

இரத்தோட்டையில் என் அப்பத்துக்குக் குறை சொன்ன ஆள் இல்லை. என் கணவர் பலீல் மிளகு பறிக்க மரமேறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று மாலை கரைத்து வைத்த மா காலையில் பொங்கவில்லை. ஈஸ்ட்டை மாற்றினேன், அரிசியை மாற்றினேன், கடைக்காரனையும் ஒரு பாட்டம் திட்டினேன். பக்கத்து வீட்டு ஆதிபாவின் குசினியில் வைத்தால் அதே மா நுரைத்து வழிந்தது. எங்கள் வீட்டில் பால்கூடத் தயிராக மறுத்தது.

சிறுநீர் போக அவருக்குப் போட்டிருந்த டியூப்பில் வெள்ளி பூசியிருக்கிறது, கிருமி ஒட்டாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஷிரானி மிஸ் சொல்லியிருந்தார். நாலு கிழமை, இருபத்தெட்டு நாள்தான் அது தாங்கும், திகதி தப்பாமல் வந்து மாற்ற வேண்டும் என்று எச்சரித்தும் அனுப்பினார். அந்த வெள்ளியா வீடு முழுக்கப் பரவி நிற்கிறது? எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது.

விற்கிற மாவை ஆதிபா வீட்டில் வைத்தேன். ஒரு கோப்பை மாவை மட்டும் அவர் கட்டிலுக்கடியில் மூடி வைப்பேன். காலையில் அது செத்துக் கிடந்தால், வெள்ளி இன்னும் காவல் நிற்கிறது என்று எனக்கு நிம்மதி.

டியூப் மாற்ற வேண்டிய கிழமையில் மண்சரிந்து பாதை அடைபட்டது, பஸ் நின்றது. நாலு நாள் பிந்தியும் மா அசையவில்லை. ஐந்தாம் நாள் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். மூடி தரையில் கிடந்தது. மா பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

வாசம் பிடித்து அவர் சிரித்தார்.

"மா பொங்கிட்டு போல. ரெண்டு அப்பம் சுடு புள்ள."

நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் இல்லை. டியூப் பையில் சிறுநீரும் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

டிராக்டர் பிடித்து, மண்மேட்டில் ஏற்றி இறக்கி, அவரை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அப்பம் கேட்டவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிற பெண் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று வழியெல்லாம் கிண்டல் செய்தார்.

ஷிரானி மிஸ் சோதித்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. நோவு இருந்தாலும் அவருக்குத் தெரியாது.

"பொறகு எதுக்கு இந்தப் பாதையில இவரைக் கொண்டு வந்தீங்க?"

 துணியில் கட்டிக் கொண்டுவந்த கோப்பையை நீட்டினேன். மிஸ் முடிச்சை அவிழ்ப்பதற்குள், கட்டிலில் குளிர் நடுக்கத்தில் அவருடைய பற்கள் கிடுகிடுவென்று அடிக்கத் தொடங்கின.