பதினொரு நண்டும் ஒரு மூடியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் வீட்டுக் குளியலறையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு நண்டுகளை உயிரோடு வாங்கிக்கொண்டு வந்தேன். பாவம், தண்ணீரில் இருந்த ஜீவன்களாச்சே என்று வாளி நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்து அதில் விட்டேன். கடல் நண்டுக்கு நல்ல தண்ணீர்தான் எமன் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மதியம் போய்ப் பார்த்தால் பன்னிரண்டும் காலை நீட்டிவிட்டன. அதன்பிறகு பதினைந்து நாள் வீட்டில் எனக்குப் பெயரே மாறிப்போனது. "கொலைகாரர் காபி குடிச்சாச்சா?" என்றுதான் என் மனைவி கேட்பாள்.

அப்போதே முடிவு செய்தேன். நண்டை வைத்து ஒரு கதை எழுத வேண்டும், அதில் ஒருவன் ஜெயிக்க வேண்டும். ஊரெல்லாம் சோகக்கதை எழுதுகிறார்கள், எழுதட்டும். என் கதை, என் நண்டு, என் இஷ்டம்.

2

தொடக்கம் ஒன்று: "அலைகள் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த அந்த அதிகாலையில்" (நிறுத்து. கதை நடப்பது மூன்றாவது மாடி வீட்டில். அலை எங்கிருந்து வந்தது?)

தொடக்கம் இரண்டு: "நண்டு என்பது பத்துக் கால்களையும் கெட்டியான ஓட்டையும் உடைய" (பள்ளிக்கூடக் கட்டுரை. மதிப்பெண் போட ஆளில்லை.)

தொடக்கம் மூன்று: "சின்ன வயதிலேயே அவனுக்கு நண்டென்றால்" (ஏன் எப்போதும் சின்ன வயதுக்கு ஓடுகிறேன்? ஆளுக்கு முப்பத்தெட்டு வயது. அங்கேயே நிற்கட்டும்.)

தொடக்கம் நான்கு. இதுதான் நிற்கப்போகிறது.

காலை ஆறு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் கதவைத் திறந்தபோது வாசல் கைப்பிடியில் ஈரச் சாக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சாக்கு அசைந்தது. கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. மூன்று வருடமாக அவனோடு பேசாத மச்சானின் குரல்: "பதினொண்ணு இருக்கு. ராத்திரி பிடிச்சது. ஒரு மணிக்குச் சாப்பிட வரேன்."

அவ்வளவுதான். நல்லா இருக்கியா, தங்கச்சி எப்படி இருக்கா, ஒன்றும் இல்லை.

3

இங்கே கொஞ்சம் விவரம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால், 'ஒரு மனுஷன் சாப்பிட வருவதற்கு ஏன் இந்தப் பாடு?' என்று நீங்கள் கேட்பீர்கள்.

மெக்கானிக்கின் மனைவி பஸ் ஓட்டுகிறாள். அவளுடைய அண்ணன் சொந்தப் படகில் நண்டு பிடிப்பவர். தங்கை ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது அவர் சொன்னது இதுதான்: "என் தங்கச்சிக்கு உயிரைக் கையில பிடிச்சுச் சம்பாதிக்கிறவன் வேணும். பட்டன் அமுக்குறவன் வேண்டாம்." கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பிறகு இன்று சாக்கைத் தொங்கவிடும்வரை இந்த வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. மெக்கானிக்குக்குப் 'பட்டன்' என்று பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லியும் கூப்பிடாமலே இருந்தார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பஸ்ஸை எடுக்கும்போது துறைமுகத் திருப்பத்தில் மட்டும் தேவையே இல்லாமல் ஒரு ஹாரன் அடிப்பாள். படகில் இருந்தால் அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று.

இந்த ஹாரன் விஷயம் மெக்கானிக்குக்குத் தெரியும். தெரிந்தும் அவளிடம் கேட்டதில்லை.

இப்போது அண்ணன் வருகிறார். அவளோ காலை நாலரைக்கே வேலைக்குப் போய்விட்டாள். வண்டி ஓட்டும்போது கைப்பேசி அணைந்திருக்கும். இரண்டு மணிக்குத்தான் வருவாள். நண்டுகளோ பதினொன்று, வீட்டில் ஆள் ஒன்று. மச்சானோ நாக்கில் வைத்ததும், சட்டிக்கு உயிரோடு போன நண்டா, செத்தபிறகு போன நண்டா என்று சொல்லிவிடக்கூடியவர். செத்த நண்டின் சதை குழைந்து ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். வயிற்றையும் கெடுக்கும். அப்படி ஒன்றைத் தட்டில் வைத்தால் மச்சான் எழுந்து போய்விடுவார். அந்த ஹாரன் ஆயுசுக்கும் அடித்துக்கொண்டே இருக்கும்.

(வாசகரே, இது விருந்தா பரீட்சையா என்று என்னைக் கேட்காதீர்கள். மச்சானுக்கே அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.)

4

முதல் வரைவில் மெக்கானிக்கை ஒரு பயந்தாங்கொள்ளியாக எழுதினேன். நண்டைப் பார்த்ததும் நாற்காலிமேல் ஏறி நின்றான். நான்கு பக்கம் சிரிக்கச் சிரிக்க எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. கம்பியில் தொங்கிக்கொண்டு பத்தாவது மாடியில் வேலை செய்கிறவன் ஏன் நண்டுக்குப் பயப்பட வேண்டும்? நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

அவன் செய்த தப்பு பயத்தால் வந்ததல்ல. அக்கறையால் வந்தது. என் தப்பும் அப்படித்தான்.

சாக்கில் இருந்த நண்டுகள் சொகுசாகத்தான் இருந்தன. ஈரம் இருந்தது, காற்று இருந்தது, ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ள இடமில்லை. சாக்கை அப்படியே நிழலில் வைத்துவிட்டு இவன் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சும்மா இருப்பதுதானே நமக்கு வராது! "சாக்குக்குள்ள போட்டு அடைச்சிருக்காரே" என்று இரக்கப்பட்டான். வேலைச் சாமான் வைக்கிற வெள்ளை டிரம்மைத் தேய்த்துக் கழுவினான். முக்கால்வாசி தண்ணீர் பிடித்தான். கடல் என்றால் உப்பு இருக்குமே என்று இரண்டு கை கல்லுப்பு போட்டுக் கலக்கினான். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே விட்டான். ஏறி வந்துவிட்டால்? திருகு மூடியைப் போட்டு இறுக்கித் திருகினான். பதினைந்து வருடம் போல்ட் முறுக்கிய கை. காற்றுக்கூடப் போகாது.

பிறகு நிம்மதியாக வெங்காயம் உரிக்க உட்கார்ந்தான்.

5

டிரம்மிலிருந்து சத்தம் வந்தது. டொக், டொக், சர்ர்ர்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டான். "இருங்கடா, ஒரு மணி வரைக்கும் பொறுங்க" என்றான்.

டொக். சர்ர். டொக்.

அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

அவன் கையில் இருந்த கத்தியும் நின்றது.

இந்த இடத்தை நான் யோசித்து எழுதவில்லை. எழுதிக்கொண்டே போனபோது அவனாகவே எழுந்துவிட்டான். பாதி மாடியில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் முதலில் கத்துவார்கள். அப்புறம் கதவைத் தட்டுவார்கள், நகத்தால் கீறுவார்கள். அதுவரைக்கும் மெக்கானிக் படி ஏறும்போதுகூட நிதானமாகத்தான் ஏறுவான். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். சத்தம் நின்றால்தான் ஓடுவான்.

ஓடினான். மூடியைத் திருகினான். அவனே இறுக்கிய மூடி, வருமா? டிரம்மைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் திருகினான். "வா, வா, வந்துடு" என்று கெஞ்சினான். மூடி கழன்றது. உள்ளே பதினொன்றும் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, கால் தொய்ந்து கிடந்தன. "அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று வாய்விட்டுச் சொன்னான்.

அடுத்தது அவனுக்கு மனப்பாடம். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தால் என்ன செய்வது? முதலில் காற்று. கூட்டம் போடாதே. வெயிலில் நிறுத்தாதே. குளிர்ச்சியாக உட்காரவை. தண்ணீர் தண்ணீர் என்று வாயில் ஊற்றாதே. இதை ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறான்.

தண்ணீரைக் கொட்டினான். ஓட்டை ஓட்டையாக இருக்கும் காய்கறிக் கூடையை எடுத்தான். வந்த சாக்கையே கிழித்து, நனைத்துப் பிழிந்து, அடியில் விரித்தான். நண்டுகளை வயிறு கீழே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். மேலே இன்னொரு ஈரத்துணி போர்த்தினான். வீட்டிலேயே குளிர்ந்த இடம் குளியலறை மூலை. கூடையை அங்கே வைத்து, விளக்கை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தான். அதன் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பயப்படாதீங்க. வெளிய வந்தாச்சு" என்றான். பழக்க தோஷம்.

அரை மணி நேரம் கழித்துத் துணிக்கு அடியிலிருந்து நுரை விடும் சத்தம் மெல்லக் கேட்டது. பிறகு ஒரு கால் கூடையைச் சுரண்டியது. அவன் எழுந்து குளியலறைக்குள்ளேயே கையை ஓங்கிக் காற்றில் குத்தினான், பந்தயத்தில் குதிரை ஜெயித்தவன் மாதிரி. நானும் இங்கே மேஜையைத் தட்டினேன். காபி கொட்டிப்போனது. பரவாயில்லை.

6

பதினொன்றரை மணிக்கு ஒவ்வொன்றின் கண்ணையும் குச்சியால் தொட்டுப் பார்த்தான். உயிருள்ள நண்டு கண்ணை இழுத்துக்கொள்ளும். பத்து இழுத்துக்கொண்டன. ஒன்று இழுக்கவில்லை. இன்னொரு தடவை தொட்டான். இல்லை.

இப்போது பாருங்கள் சங்கடத்தை. மச்சான் சொன்ன கணக்கு பதினொன்று. பத்து வைத்தால் ஒன்று எங்கே என்பார். பதினொன்றையும் வைத்தால் அதில் ஒன்று செத்தது. மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டு, செத்த நண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். சத்தியமாக. அப்படி ஒரு வரைவும் எழுதினேன். அதில் மச்சான் கையை நீட்டி இவன் தட்டிலிருந்து அந்த நண்டையே எடுக்கிறார். பரபரப்பாக இருந்தது. ஆனால் எழுத எழுத மெக்கானிக் என்னோடு ஒத்துழைக்கவில்லை. லிஃப்டைத் திறப்பதற்கு முன் அவன் கேட்கும் முதல் கேள்வி, "உள்ள எத்தனை பேர்?" திறந்த பிறகு எழுதிக்கொடுப்பதும் அந்த எண்ணிக்கையைத்தான். அதில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ அவன் எழுதியதே இல்லை.

செத்ததைக் காகிதத்தில் சுற்றிக் கீழே போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தான். படி ஏறும்போது, "போச்சு, எல்லாம் போச்சு" என்று சொல்லிக்கொண்டே ஏறினான். ஆனாலும் ஏறினான்.

மீதிப் பத்தையும் ஐஸ் கட்டிக்கு நடுவில் இருபது நிமிடம் வைத்தான். அசையாமல் மயங்கின பிறகுதான் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டான். (முழிப்போடு போட்டால் நண்டு துடித்துக் காலை உதறிவிடும். நமக்கும் மனசு கேட்காது.) ஓடு செக்கச்செவேல் என்று சிவந்ததும் எடுத்தான். மேலோட்டைப் பிரித்துப் பஞ்சு போன்ற செவுளை நீக்கினான். வெங்காயம், பூண்டு, மிளகோடு ஒரு பிரட்டு. அவ்வளவுதான். வாசனை படிக்கட்டு வரைக்கும் இறங்கிப் போனது.

7

மச்சான் சரியாக ஒரு மணிக்கு வந்தார். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"எத்தனை?" என்றார்.

"பத்து."

"நான் குடுத்தது பதினொண்ணு."

"ஒண்ணு செத்துடுச்சு மச்சான். தப்பு என்னோடது. டிரம்ல போட்டு மூடி இறுக்கிட்டேன். சத்தம் நின்னதும்தான் புத்தி வந்துச்சு."

"செத்ததை என்ன பண்ணின?"

"குப்பையில போட்டுட்டேன்."

"சட்டியில போடல?"

"இல்ல மச்சான்."

மச்சான் அவனை மேலும் கீழும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

(இப்போது அவர் "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவார் என்று எதிர்பார்க்கிறீர்கள். நானும் எழுதிப் பார்த்தேன். மச்சான் கடைசிவரை அந்த வார்த்தையைச் சொல்லச் சம்மதிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

முதல் நண்டின் கொடுக்கைப் பல்லால் உடைத்தார். சதை முழுசாக, வெள்ளையாக, ஓட்டைவிட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டார். மச்சான் இரண்டாவது கொடுக்கை உடைத்தார். பிறகு கால். பிறகு அடுத்த நண்டு. மூன்றாவதையும் முடித்துவிட்டு விரலைச் சப்பிக்கொண்டே சொன்னார்:

"டேய் பட்டன். நான் முதல் தடவை தனியா படகு எடுத்தப்போ, வெயில் படக்கூடாதுன்னு சாக்கைச் சுத்தி பிளாஸ்டிக் ஷீட் கட்டினேன். கரைக்கு வந்து பிரிச்சுப் பார்த்தா, நாப்பதும் செத்துக் கிடக்கு."

"நாப்பதா!"

"கத்தாத. இருட்டுல கடல்லயே கொட்டிட்டு, வலையில ஒண்ணும் மாட்டலன்னு வீட்டுல சொல்லிட்டேன். இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. நீ பதினொண்ணுல பத்தைக் காப்பாத்திட்ட. காப்பாத்தினதும் இல்லாம ஒண்ணு போச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற. உனக்கு என்னடா அவ்ளோ தைரியம்?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மச்சானும் சிரித்தார். நாற்பது நண்டையும் ஒருசேரக் கடலில் கொட்டுகிற மாதிரி சிரித்தார். பெரிய கொடுக்கு ஒன்றை உடைத்துச் சதையை எடுத்து மெக்கானிக்கின் தட்டில் வைத்தார்.

"சாப்பிடு. சமைச்சவன் பார்த்துக்கிட்டே இருந்தா எனக்கு இறங்காது."

ஜெயித்துவிட்டான்! பன்னிரண்டு நண்டைக் கொன்ற நான் சொல்கிறேன், ஜெயித்தேவிட்டான்!

8

முடிவு ஒன்று: அவள் இரண்டு மணிக்கு வந்து, அண்ணனைப் பார்த்து ஓவென்று அழுகிறாள். (அடித்துவிட்டேன். மூன்று வருடம் அழாதவள்.)

முடிவு இரண்டு: அவள் அண்ணனைப் பிடிபிடி என்று பிடிக்கிறாள். (நியாயம்தான். ஆனால் சாப்பிடுகிற மனுஷனை எப்படி?)

முடிவு மூன்று: "எனக்கு மிச்சம் வச்சீங்களா இல்லையா?" (இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.)

நடந்த வரைக்கும் எழுதிவிடுகிறேன். காக்கிச் சட்டையோடு, காலையிலிருந்து ஸ்டீயரிங் பிடித்த கையோடு, அவள் மூன்று மாடி ஏறி வந்தாள். வாசலில் உப்புப் பூத்த ஒரு பெரிய செருப்பு கிடந்தது. அது யாருடையது என்று அவள் கேட்கவே வேண்டாம். உள்ளே இரண்டு ஆண்கள் முழங்கை வரை மசாலாவோடு, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரிக்கும் சத்தம். அவள் கதவைத் தள்ளினாள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். வாயில் நண்டுக்கால். எடுக்கவும் முடியவில்லை, கடிக்கவும் முடியவில்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

நான் பேனாவை மூடிவிட்டேன். என்னோடு பேசாமல் இருப்பவர்கள் யாரும் இல்லை. அந்த வாக்கியம் எனக்கு வராது. உங்களுக்கு யாராவது இருக்கலாம். நீங்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போகிற திருப்பம் ஒன்று எங்காவது இருக்கலாம். அந்த ஆள் உங்கள் வீட்டுக் கூடத்தில், வாயில் நண்டுக்காலோடு, உங்களைப் பார்த்து விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முதலில் என்ன சொல்வீர்கள்?

சீக்கிரம் சொல்லுங்கள். அண்ணன் காத்திருக்கிறார்.

"......................................................"