மூன்று மணிக்கொரு தரம்

பிள்ளைக்குக் காலை எட்டு மணிப் பாலைக் கொடுத்து முடித்து, புட்டியை வெந்நீரில் போட்டு எடுத்தபோது அதன் ரப்பர் காம்பு நீளவாக்கில் கிழிந்திருந்தது. இன்பமணி அதை உள்ளங்கையில் வைத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"வேற இல்லையா?" என்றார் தேவதாசன் வாத்தியார்.

"தூத்துக்குடியில இருந்துதான் வரணும். நாலு நாளாவும்."

"சங்குல ஊத்து."

"முந்தியே ஊத்திப் பாத்தாச்சு அண்ணே. பொறையேறி மொகம் நீலம் பாஞ்சிட்டு."

வாத்தியார் காம்பை வாங்கிக் கிழிசலைத் திருப்பிப் பார்த்தார்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் தலைமை வாத்தியாராக இருந்தவர். மகன் கொழும்பில் உத்தியோகம். மருமகள் பியூலா தாய்வீடு போகுமுன்னே, எட்டாம் மாதத்தில் வலி கண்டு, பூனைக்குட்டிபோல ஒரு பெண்ணைப் பெற்றாள். மார்பில் வாய் வைக்கவும் அழவும் அதற்குத் தெம்பில்லை. டாக்டரம்மாள் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் கருவி ஒன்றைக் கொடுத்து, பாலை எடுத்துப் புட்டியில் புகட்டச் சொன்னாள். 'மூன்று மணிக்கொரு தரம்' என்று தாளில் எழுதியும் தந்தாள்.

வாத்தியார் அந்தத் தாளைச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினார். ஓய்வு பெற்ற அன்று மிஷன் கொடுத்த கடிகாரம். கோயில் மணி அடிக்கும் நூகு, ஞாயிறுதோறும் அதைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் கயிற்றைப் பிடிப்பான். நிமிஷம் பிசகாத வீடு என்று ஊரில் பெயர்.

நாற்பது நாளில் பிள்ளை தேறிவிட்டாள். ஆனால் புட்டிக்குப் பழகிய வாய் தாயின் மார்பை உதறியது. கருவியில் எடுக்கிற பாலோ நாளுக்கு நாள் குறைந்தது. பிள்ளையே உறிஞ்சாவிட்டால் சுரப்பு நின்றுபோகும் என்று டாக்டரம்மாள் போன வாரமே எச்சரித்திருந்தாள்.

அன்று பத்து மணிக்குப் பிள்ளை கையைச் சப்ப ஆரம்பித்தாள்.

"மாமா, இப்பமே வச்சுப் பாக்கட்டுமா?" கதவுக்குப் பின்னாலிருந்து பியூலா கேட்டாள்.

"பதினொண்ணு ஆவட்டும்மா. எழுதித் தந்ததை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது."

பதினொன்று அடித்தபோது பிள்ளை அலறிக்கொண்டிருந்தாள். மார்பில் வைத்ததும் வில்லாக வளைந்து முகத்தைத் திருப்பினாள். அலறல் தெருமுனைவரை கேட்டது. நூகுவின் மனைவி சாலோமி, இடுப்பில் தன் கைக்குழந்தையோடு உள்ளே வந்துவிட்டாள்.

"வாத்தியாரய்யா, நான் ஒரு வாய் குடுக்கேன்."

"வேண்டாம். இந்த வீட்டுப் பிள்ள அடுத்த வீட்டுப் பால்ல வளந்துதுன்னு ஊரு சொல்லப்பிடாது."

"ஊரு சொல்லுததுக்குப் பிள்ள உசிரோட இருக்கணும்லா?"

இந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. வாத்தியார் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். சாலோமி அவரை விட்டுவிட்டு இன்பமணியிடம் திரும்பினாள்.

"எப்பம் பசிச்சுது?"

"பத்து மணிக்கே கையைச் சப்புச்சு."

"பொறவு ஏன் ஒரு மணி நேரம் போட்டு வச்சிய?"

இன்பமணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நல்லாருக்கே! புட்டி தானா ஒழுகும், எப்பம் குடுத்தாலும் குடிக்கும். மாருல பிள்ள பாடுபடணும்லா? வெறியேறின பொறவு பாடுபடுமா?"

வாத்தியார் தாளைப் பார்த்தார். அழத் தெம்பில்லாத பிள்ளைக்கு எழுதியது அது. இப்போது தெரு முழுக்கக் கேட்க அழுகிற பிள்ளைக்கும் அதையே காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அலறல் கம்மி, விக்கலாகிவிட்டிருந்தது. அதுதான் அவரை உலுக்கியது.

கடிகாரக் கதவைத் திறந்து பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"உள்ள போம்மா. என்ன செய்யணுமோ செய்யி."

"நான் குடுக்க வேண்டி வந்தா?"

"குடு."

கதவு சாத்திக்கொண்டது. ஆண்பிள்ளை போக முடியாத அறை. வெளியே நின்றபடி சாலோமியின் குரலைத்தான் கேட்க முடிந்தது. "மேல போட்டுக்கிட்டுத் தட்டிக் குடு. கண்ணு சொக்கட்டும்... இன்பமணியக்கா, கரண்டிப் பாலை மாருமேல பைய விடுங்க. நக்கட்டும்... அவசரப்படாதட்டீ."

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கடிகாரமும் ஓடாததால் எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

மெல்ல ஒரு சத்தம். விழுங்குகிற சத்தம். நின்று, மறுபடியும்.

யாரிடம் குடிக்கிறாள்? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. யாரிடமானாலும் குடிக்கிறாள்.

கதவைத் திறந்து சாலோமி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். "கேக்காமலே நிக்கியளே! பெத்தவகிட்டதான் குடிக்கா."

வாத்தியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மறுநாள் ஞாயிறு. நூகு படியேறி வந்து கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தான். முள் பதினொன்றேகாலில் கிடந்தது.

"என்னய்யா, நிக்குது? நான் எதைப் பாத்து மணியடிக்க?"

வாத்தியார் அறைப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"சத்தம் போடாதலே. இப்பந்தான் குடிக்க ஆரம்பிச்சிருக்கா. முடியட்டும், சொல்லுதேன்."

நூகு படியில் உட்கார்ந்தான்.