நாலு விரல்

பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் பிரேக்குக்குப் போய்ச் சேரவில்லை. டீச்சரின் வலது முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் ஆப்பு வைத்தாற்போல் மாட்டிக்கொண்டுவிட்டது. எதிரே சிக்னலில் ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அவள் புருஷன் சர்வேயருக்கு அதன் பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூடத் தெரிந்தது. அவருக்குப் பக்கவாட்டில்தான் பார்வை போய்விட்டது, நேரே இருப்பது நன்றாகவே தெரியும். லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. "ஏய், ஏய்!" என்று கத்தினார். டீச்சர் கத்தவில்லை. காலை அதன் போக்கில் விட்டுவிட்டு, இடது கையால் கைப்பிரேக்கைப் பிடித்து முழு மூச்சாக இழுத்தாள். வண்டி ஒரு பக்கமாக இழுபட்டுப் போய், லாரிக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது.

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனான். அவள் முழங்காலை மெல்ல உருவி எடுத்தாள். தோல் வழன்று ரத்தம் துளிர்த்திருந்தது.

"சீட்ட இன்னும் கொஞ்சம் பின்னால தள்ள முடியாதா?"

"அதான் கடைசி."

"கீழயாவது எறக்க முடியுமா?"

"அது ஒரிஜினல். வண்டியே அப்படித்தான்" என்றார் சர்வேயர்.

இந்த இடத்தில் உண்மையை நாமே சொல்லிவிடுவது நல்லது, அந்த மனுஷன் வாயிலிருந்து இப்போதைக்கு வராது. சீட் ஒரிஜினல்தான். சீட்டுக்கு அடியில் இருந்த இரும்பு ஸ்டாண்டு ஒரிஜினல் இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முன், அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, வேறோர் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஒரு வெல்டரைப் பிடித்து அவர் போட்டுக்கொண்டு வந்த ஸ்டாண்டு அது. உயரம் நாலு விரல். அதென்ன கணக்கு நாலு விரல்? வீட்டு ஹாலில் சோபாவுக்குப் பின்னால் சுவரில் இரண்டு எண்ணெய்க் கறைகள் உண்டு. மேலே இருப்பது அவள் தலை சாய்கிற இடம், கீழே இருப்பது இவர் தலை. இரண்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தார், கச்சிதமாக நாலு விரல் அடங்கியது. ஊர் நிலத்தையெல்லாம் கருவி வைத்து அங்குலம் பிசகாமல் அளக்கிற மனுஷன், இதை மட்டும் யாரும் இல்லாத நேரத்தில் விரலால் அளந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து தெருவில் நடந்தால் யாராவது ஒருத்தர் வாய் சும்மா இருக்காது. "வீட்டுக்காரம்மாகிட்ட பேசணும்னா ஏணி போடுவியாப்பா?" என்று சொந்த மாமாவே பந்தியில் கேட்டிருக்கிறார். சர்வேயரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். அவள் தட்டையான செருப்புக்கு மாறினாள். போட்டோ என்றால் தானாக ஒரு படி கீழே இறங்கி நின்றாள். அவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் தோளைக் குறுக்கிக் கூன் போட ஆரம்பித்தாள். அவள் வேலையோ பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஒருநாள் மதிற்சுவருக்கு வெளியே நின்று அவர் கேட்டார், மைதானமே அதிர அவள் குரல்: "நிமிந்து நில்லு! முதுகு ஏன் வளையுது?" அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அந்தக் காரில் மட்டும் அவர் ராஜா. பக்கத்து சீட் கம்பெனி வைத்த மாதிரியே தாழ இருந்தது. ஸ்டாண்டின் மேல் இவர் ஏறி உட்கார்ந்தால் தலைக்குத் தலை சரியாக இருக்கும். அதிலும் அவள் பழக்கதோஷத்தில் குறுகிக்கொள்வாள், இவர் ஒரு படி மேலே போய்விடுவார். மோவாயைத் தூக்காமல் பெண்டாட்டியோடு பேச உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஒரு ஸ்க்ரூகூட மாத்தல, அத்தனையும் ஒரிஜினல்" என்று பீற்றிக்கொள்வார். நடுக்கண்ணாடியைத் தன் கண்ணுக்குச் சரியாக வைத்து, யாரும் அசைக்க முடியாதபடி ஸ்பேனர் போட்டு முறுக்கியும் வைத்திருந்தார். வேறு யாரையும் ஓட்டவிட்டதில்லை. போன மாதம் கண் டாக்டர், இனி ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்று இவர் முணுமுணுத்தபோது அவள்தான் மறித்தாள். "என் சக்களத்திய நானே ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க." பள்ளிக்கூட வேனையே ஓட்டிப் பழகியவள் அவள். அப்படிக் கிளம்பிய முதல் நாளிலேயே அந்த லாரிக்கு ஒரு முழத்தில் போய் நின்றார்கள்.

மறுநாள் காலை வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. மெக்கானிக்குக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது, அதனால் வந்த பெயர். இந்த மாடலை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். சுற்றிச் சுற்றி வந்து, கதவைத் தட்டி, வண்டியின் மூக்கைத் தடவி, "என்னா அழகு சார், என்னா அழகு" என்று புலம்பிவிட்டு, டீச்சரை உள்ளே உட்காரச் சொன்னார். அவள் உடம்பை மூன்றாக மடித்துக்கொண்டு உள்ளே போனாள். ரேடியோ குனிந்து, அவள் முழங்காலுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"இதுல எப்படி மேடம் ஓட்டினீங்க? உயிரக் கையில புடிச்சிக்கிட்டுத்தான் ஓட்டணும். ஸ்டியரிங்க சின்னதா மாத்தினா ஒரு விரல் கெடைக்கும், அது பத்தாது. சீட்டு எறங்கணும்." அடியில் எட்டிப் பார்த்தார். "தரையோட தரையா கெடக்கிற வண்டிக்கு இவ்ளோ ஒசரமா ஸ்டாண்டு வெச்சிருக்கான் பாருங்க கம்பெனிக்காரன்! இத அறுத்துட்டா வேல முடிஞ்சுது. மத்தியானத்துக்குள்ள தந்துடுவேன்."

ஸ்டாண்டை எடுத்தால் அடியில் கம்பெனி போட்ட நாலு போல்ட் துளையும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ரேடியோவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. "அதத் தொடாதீங்க. அது ஒரிஜினல்" என்றார் சர்வேயர். குரல் தேவைக்கு அதிகமாகவே உயர்ந்துவிட்டது.

"அப்ப தரையத்தான் சார் வெட்டணும். வெட்டி, சட்டி மாதிரி ஒரு பள்ளம் அடிச்சு, ஸ்டாண்டோட சேத்துக் கீழ எறக்கணும். ஆனா சொல்லிட்டேன், வெட்டினது வெட்டினதுதான். நாளைக்கு வேணாம்னாலும் பழையபடி ஆகாது."

"அய்யோ, அதெல்லாம் வேண்டவே வேண்டாம்" என்று டீச்சர் உள்ளிருந்தபடியே பதறினாள். "அவரு ஒரு ஸ்க்ரூவுக்கு அழறவரு. நான் செருப்ப கழட்டிட்டு வெறுங்கால்ல ஓட்டிக்கிறேன். கொஞ்சம் குனிஞ்சுக்கிட்டா சரியாப் போகும். குனியறது எனக்கென்ன புதுசா?"

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் குத்தியது. அவள் முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். சொல்லிவிடலாம், இரண்டே வார்த்தைதான். பதினெட்டு வருடத்துப் பொய் இரண்டு வார்த்தையில் அடங்குமா என்ன? அவர் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"தரைய வெட்டிடுங்க."

ரேடியோ வாயைப் பிளந்தார். டீச்சர் எப்படியோ வண்டியிலிருந்து வெளியே வந்து, நாலு பேர் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருடத்தில் வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. "எனக்காகவா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "உங்க உயிராச்சே அது. நான் உங்களப் பத்தி என்னென்னவோ நெனச்சிருக்கேன், போங்க." அப்போதும் அவள் குனிந்துதான் நின்றாள், அவர் முகத்துக்கு நேராகத் தன் முகம் வருகிற மாதிரி. சர்வேயருக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கையை உருவிக்கொண்டு, "வெயிலா இருக்கு, அந்தப் பக்கம் உக்காரு" என்றார்.

ரேடியோ சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். மிதியடியைச் சுருட்டினார். சாக்பீஸால் தரையில் ஒரு கட்டம் போட்டார். போட்டுக்கொண்டே தன் மச்சான் வாங்கின பழைய ஜீப்பின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தினார். ஸ்டாண்டின் காலடியில் நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினார். இன்னொரு காலடியிலும் சுரண்டினார். அங்கே கரடுமுரடாக, கைவெல்டிங் முண்டும் முடிச்சுமாக இருந்தது. எந்தக் கம்பெனியும் அப்படி வைக்காது. ரேடியோ நிமிர்ந்து சர்வேயரைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சரின் உயரத்தைப் பார்த்தார். மறுபடி சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் முகத்தில் ஈயாடவில்லை.

மச்சான் ஜீப் கதை அதற்கப்புறம் தொடரவில்லை.

"சார், வெட்டட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ம்."

கட்டர் மிஷினுக்கு ஒயரைச் சொருகினார். கண்ணாடி மாட்டிக்கொண்டார். "நல்லா யோசிச்சுக்குங்க சார். வெட்டட்டுமா?"

"அதான் சொன்னேன்ல!" என்று எரிந்து விழுந்தார் சர்வேயர்.

மிஷின் கூவ ஆரம்பித்தது. டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், அவர் வண்டி வெட்டுப்படுவதை அவளால் பார்க்க முடியவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். அந்த முதுகு வளைந்திருந்ததைச் சர்வேயர் பார்த்தார். பிளேடு தகரத்தைத் தொட்டது. பொறி பறந்தது. சிவப்பு பெயின்ட் கருகுகிற நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது.

"நிறுத்துங்க! நிறுத்துய்யா!"

மிஷின் நின்றது. தரையில் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளவென்று கீறல் விழுந்திருந்தது. டீச்சர் திரும்பினாள்.

"அந்த ஸ்டாண்டு ஒரிஜினல் இல்ல" என்றார் சர்வேயர். "நான் வெச்சது."

"எது?"

"சீட்டுக்கு அடியில. வண்டி வாங்கினப்பவே. நாலு விரல் ஒசரத்துக்கு."

"எதுக்கு?"

அவர் நிற்கிற உயரத்தையும் தான் நிற்கிற உயரத்தையும் அவள் ஒருமுறை பார்த்தாள். முகத்தில் என்னவோ ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டு போனது. ஒருவேளை சிரித்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். சிரித்துவிட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும் என்று ஏங்கினார்.

"அப்ப நேத்து?" என்றாள். "அந்த லாரி. கீழ எறக்க முடியுமான்னு கேட்டேனே. அப்பவும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"செத்திருப்போம்."

"ம்."

"செத்தாலும் சொல்லியிருக்க மாட்டீங்க."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில் சொல்லிவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். தண்ணீர் புடவையில் சிந்தியது. துடைத்துக்கொள்ளவில்லை.

ரேடியோ கட்டரைத் திரும்பக் கையில் எடுத்தார். ஸ்டாண்டின் நாலு காலையும் அறுத்தார். அடியில் கம்பெனித் துளைகள் நாலும் துரு பிடிக்காமல், நேற்றுப் போட்டதுபோல் சுத்தமாக இருந்தன. சீட் தண்டவாளம் அதில் போய் அப்படியே உட்கார்ந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கீறலின் மேல் கொஞ்சம் பெயின்ட் தடவினார். ஆனாலும் தெரிந்தது.

"மேடம், ஒக்காந்து பாருங்க."

அவள் வந்தாள். உள்ளே இறங்கினாள். கால் நீண்டு போய்ப் பெடலைத் தொட்டது. ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு, பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்கு, இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. பிறகு முதுகைச் சீட்டில் சாய்த்து, தோளைப் பின்னுக்குத் தள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதுகெலும்பு சடசடவென்று நெட்டி முறிகிற சத்தம் வெளியே நின்ற சர்வேயருக்கே கேட்டது. அவள் கழுத்து இவ்வளவு நீளம் என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ரேடியோ கழற்றிய ஸ்டாண்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். அவருக்குக் கிண்டல் பண்ணுகிற எண்ணமே இல்லை, உதவியாகத்தான் கேட்டார். "சார், இத வேணா அந்தப் பக்க சீட்டுக்கு வெச்சுத் தரட்டுமா?"

டீச்சர் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றார் சர்வேயர்.

கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். எங்கோ பள்ளத்துக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. டேஷ்போர்டுக்கு மேலே பாதி ரோடும் மீதி வானமும் தெரிந்தன. அவள் தோள் அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. கிளம்புவதற்கு முன், எந்த வண்டியில் ஏறினாலும் செய்கிற மாதிரி, நடுக்கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள்.

"அது அசையாது. நான் முறுக்கி வெச்சிருக்கேன்" என்று சர்வேயர் எட்டிக் கையை நீட்டினார். "ரேடியோகிட்ட ஸ்பேனர் வாங்கி..."

கண்ணாடியில் ஒர்க்‌ஷாப் வாசலும், பின்னால் போகிற ரோடும், ரோட்டுக் கோடியில் திரும்புகிற சைக்கிள்காரனும் எல்லாம் அவள் கண்ணுக்கு நட்டநடுவில் இருந்தன. ஒரு நூல் இறக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு நூல் ஏற்றவும் வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு வருடமாக, நாலு விரல் மேலே உட்கார்ந்து அவர் தன் கண்ணுக்கு வைத்த கண்ணாடி.

அவள் தூக்கிய கை கண்ணாடி விளிம்பைப் பிடித்தபடியே இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.