மைதீன் பீவி அவர்களே

சாயங்காலம் மஃரிப் தொழுதுவிட்டு நான் வீட்டுக்குள் நுழையும் நேரம் பார்த்து அந்தப் போன் பேச ஆரம்பிக்கும். "மைதீன் பீவி அவர்களே, வணக்கம். இன்று உங்கள் கால் எரிச்சல் எப்படி இருக்கிறது?" பெண் குரல்தான். ஆண் குரலாக இருந்திருந்தால் வந்த அன்றைக்கே தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவாள். கதவைச் சாத்துவாள். அப்புறம் ஒரு டீ ஆறிப்போகும் நேரம் வரைக்கும் இந்த வீட்டில் நான் இல்லாத மாதிரிதான்.

அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மகள் பிறந்ததிலிருந்து ஷிபாம்மா, அதற்கு முன்னால் "இந்தா". நேற்று வந்த ஒரு போன் முழுப்பெயரோடு அவர்களே போட்டுக் கூப்பிடுகிறது, இவளுக்கு முகமெல்லாம் பல்.

அவளுக்குச் சர்க்கரை. அதனால் பாதத்தில் எரிச்சல். பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் எரிச்சலுக்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஆட்களைச் சேர்த்தபோது இவளும் கையெழுத்துப் போட்டாள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். எரிச்சல் கூடுகிறதா குறைகிறதா என்று தினமும் கேட்டுப் பதிவுசெய்ய ஒரு புதுக் கம்பெனி சாப்ட்வேர் செய்து, போனையும் கொடுத்திருந்தது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பரைத் தொட வேண்டும். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். விரலை எடுக்கும்வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தது அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் ரோகிணி என்ற பெண்.

முதல் வாரம் முழுக்க என் மனைவி பூஜ்யத்தையே தொட்டிருக்கிறாள். எங்கள் வீடுகளில் அப்படித்தான். யார் நலம் விசாரித்தாலும், கால் ஒடிந்து கிடந்தாலும், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். ரோகிணி பசுமலையிலிருந்து ஸ்கூட்டியில் ஓடி வந்தாள்.

"எரிச்சலே இல்லன்னா உங்கள எதுக்கும்மா இதுல சேத்தோம்?"

"எப்புடி இருக்கீங்கன்னு கேக்குது. வேற என்னத்தச் சொல்றது? அல்லாஹ் குடுத்த ஒடம்பப் போயி கொற சொல்லச் சொல்றியா?"

"மொதல்ல அல்ஹம்துலில்லாஹ் சொல்லிருங்க. அதுக்கப்புறம் உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அல்லா கோவிச்சுக்க மாட்டாரும்மா."

என் மனைவி சிரித்துவிட்டாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக உள்ளறைக் கதவு சாத்தப்பட்டது.

நானும் கேட்கத்தான் செய்தேன். "கால் எப்புடி இருக்கு?" "அல்ஹம்துலில்லாஹ்." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. உள்ளதை உள்ளபடி எல்லாம் போனுக்கு. ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கதவில் காதை வைத்தேன். ஃபேன் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் நடுவில் அவள் சிரித்தாள். காலில் எரிச்சல் என்று சொல்கிறவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? சிம்மக்கல்லில் என் சாக்குக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு என்னைப் பிடுங்கித் தின்றது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இந்த வயதில், ஒரு போனைப் பார்த்துப் பொறாமை. பொறாமைதான், வேறு பெயர் அதற்கு இல்லை. இவளுக்கு வந்தது மருந்தில்லாத மாத்திரையாக இருக்கட்டும், ஆஸ்பத்திரியே இவளைச் சோதனையிலிருந்து அனுப்பிவிடட்டும், அந்தச் சனியன் வீட்டை விட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் கால் எரிந்தால் எரியட்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? அதை நான் யோசிக்கவே இல்லை.

போன வாரம் வாடிப்பட்டியில் அவளுடைய சின்னம்மா மவுத்தாகிவிட்டார்கள். தகவல் வந்ததும் போட்டது போட்டபடி கிளம்பினோம். அடக்கம் முடிந்து நான் மட்டும் திரும்பி வந்தேன், அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அவசரத்தில் கம்பெனி போனை அலமாரி மேலேயே விட்டுப் போயிருந்தாள். அன்று சாயங்காலமும் அது கூப்பிட்டது. "மைதீன் பீவி அவர்களே, வணக்கம்."

ஆளில்லாத வீட்டில் அந்தக் குரலும் நானும்தான். எடுத்தேன். பூஜ்யத்தைத் தொட்டேன். பச்சைப் பொத்தானை அழுத்தி, "நல்லா இருக்கா. ஒரு கொறையும் இல்ல. வீட்டுக்காரர் நல்லா வச்சுப் பாத்துக்கிறாரு" என்றேன். "நன்றி, மைதீன் பீவி அவர்களே" என்றது. அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் கடைக்குப் போன் வந்தது.

"இஸ்மாயில் பாய், நேத்து அதுல பேசுனது நீங்களா?" என்றாள் ரோகிணி.

"அவ ஊர்ல இல்ல. சும்மா அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, அதான்."

"அடிச்சிட்டுப் போகுதுன்னு விட்ருக்கலாம்ல பாய். ஒரு நாள் பதில் வரலைன்னா பரவால்ல. ஆள் மாறிப் பேசுனா பெரிய தப்பு. இன்னொரு தடவ உங்க குரல் ஒரு வார்த்த விழுந்தாலும் அம்மாவ ஆராய்ச்சியில இருந்தே எடுத்துருவாங்க. மாத்திரையும் நின்னு போயிரும். அம்மாட்டயும் சொல்லிட்டேன்."

நான் எதை வேண்டிக்கொண்டேனோ அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்தாள். சண்டை போடுவாள் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் சத்தம்கூடப் போடவில்லை.

"பூஜ்யம் போட்டீங்களாமே?"

"ஆமா."

"எனக்கு எம்புட்டு எரியுதுன்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"கேட்டா அல்ஹம்துலில்லாஹ்னுதான சொல்ற? எங்கிட்ட சொல்ல வேண்டியத அதுகிட்டப் போயி சொல்ற. நான் எதுக்கு இருக்கேன் இந்த வீட்டுல?"

சொல்லிவிட்டேன்.

"உங்ககிட்ட சொன்னா மாத்திர போட்டியாம்பீங்க. போட்டேம்பேன். அதோட பேச்சு முடிஞ்சிரும்" என்றாள். "அது கேக்குதுங்க. நான் விரல எடுக்குற வரைக்கும் கேக்குது."

சொல்லி வைத்ததுபோல் போன் கூப்பிட்டது. அவள் எடுத்தாள். உள்ளறைக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். நம்பரைத் தொட்டாள். என்ன நம்பர் என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"அல்ஹம்துலில்லாஹ். இன்னிக்கு எட்டு. மவுத்து வீட்டுல செருப்பு இல்லாம நின்னதுல பாதத்துல மொளகா அரச்சுப் பூசுன மாதிரி இருக்கு. ராத்திரியில தூக்கம் இல்ல. வீட்டுலன்னா எப்பவும் இவரு தூங்குனதுக்கப்புறம் பாத்ரூமுக்குப் போயி ஈரத்தரையில கால வச்சு உக்காந்துக்குவேன். இவரு கொறட்ட அங்கன வரைக்கும் கேக்கும். அதக் கேட்டுக்கிட்டே இருப்பேன். சில நாள் சிரிப்பு வரும். சில நாள் போயி எழுப்பிரலாமான்னு இருக்கும்."

"எழுப்பியிருக்கலாம்ல புள்ள" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் குரல் அதில் விழுந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தாள்.

"எழுப்புனா என்ன சொல்லுவாருன்னு தெரியல. இதுவரைக்கும் எழுப்புனதில்ல."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.