மூன்றாவது சிஸ்டம்

விசாரணை அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். நீள மேசையின் தலைப்பக்கம் மனிதவள மேலாளர் குருமூர்த்தி. அவருக்கு வலப்புறம், ஏசிக்கு நேர் கீழே, உற்பத்தி மேலாளர் ராஜசேகர். எதிரே சுழல் நாற்காலியின் நுனியில் அனுப்ரியா, கட்டுப்போட்ட வலக்கையை மடியில் வைத்தபடி. அவளுடைய அம்மா சாந்தம்மாவை மேசைக்குக் கூப்பிட்டும் வரவில்லை. கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். சுவரை ஒட்டி, லேப்டாப்பை முழங்காலில் வைத்துக்கொண்டு, பராமரிப்புப் பிரிவு சுபாஷ். அவனைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள்.

பதினெட்டு நாளைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, நான்காம் லைனில் பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் திடீரென்று இறங்கியது. அனுப்ரியாவின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

குருமூர்த்தி குற்றச்சாட்டை வாசித்தார். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று, கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்தும் சென்சார்மேல் டேப் ஒட்டிவிட்டுக் கையை உள்ளே நீட்டியிருக்கிறாள். அது பாதுகாப்பு விதிமீறல். பயிற்சித் தொழிலாளி என்பதால் உடனே நீக்கலாம். டேப் ஏதும் கிடைக்கவில்லை என்பது அந்தத் தாளில் இல்லை. அவசரத்துக்கு டேப் ஒட்டுகிற பழக்கம் மற்ற லைன்களில் உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். அதனால் இவளும் ஒட்டியிருப்பாள் என்று வைத்துக்கொண்டார்கள்.

"நான் ஒட்டலீங்க சார். மிஷின் தானா எறங்குச்சு."

"பதினோரு வருஷமா தானா இறங்காத மிஷின், உன்னைப் பாத்ததும் இறங்கிருச்சா?" என்றார் ராஜசேகர். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினார். "சுபாஷ், கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பதிவாயிருக்கா?"

"ஒன்னும் இல்ல சார்."

அதைச் சொல்லும்போது அவன் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. திறக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. உத்தரவு திங்கட்கிழமை வரும் என்று சொல்லிக் குருமூர்த்தி எழுந்தார்.

பதிவு இருந்தது. காலை 10.42க்கு, வெளியிலிருந்து ஒரு தொடர்பு. அது சுபாஷின் வீட்டிலிருந்து வந்த தொடர்பு. விபத்துக்கு மறுநாளே அதைப் பார்த்துவிட்டான். அழிக்கவில்லை; மூடி வைத்தான். அந்தப் பதிவைத் திறந்து படிக்க ஃபேக்டரியில் வேறு ஆள் கிடையாது.

சுபாஷ் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்து ஓசூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஃபேக்டரியிடம் பொருள் வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று, நெட்வொர்க் பாதுகாப்பைப் பார்க்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, அந்த நாற்காலிமேல் அவனுக்குக் கண். வீட்டிலேயே பழகலாம் என்று தொடங்கினான். எதையும் எழுதிவைத்துச் செய்கிறவன். லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தான். தாக்கிப் பார்க்க ஒரு சிஸ்டம், தாக்கப்பட ஒரு சிஸ்டம், இரண்டும் வெளியே போகாதபடி நடுவில் காவலாக ஒரு சிஸ்டம். மூன்றும் ஒரே லேப்டாப்புக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓட வேண்டும்.

தாக்குவதற்கு, ஊடுருவும் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ். அதில் அவனுக்கு யோசனையே இல்லை. தாக்கப்படுவதற்குத்தான் பத்து நாள் யோசித்தான். வேண்டுமென்றே ஓட்டை வைத்துச் செய்த பயிற்சி சிஸ்டங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டைப் போட்டுப் பார்த்தான். கட்டிப்போட்ட கோழியைப் பிடிக்கிற மாதிரி இருந்தது. ஃபேக்டரியில் நிஜமாக ஓடுவது பழைய விண்டோஸ் செவன். நான்காம் லைன் மிஷினைச் செய்த கம்பெனி மூடிப்போனதால் அதை மாற்ற முடியாது. மிஷினோடு இருக்கும் பேனல் கணினி படுத்துவிட்டால் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்துப் போடுவதுதான் அங்கே வழக்கம். அப்படிப்பட்ட நகல் ஒன்று அவசரத்துக்கு என்று சுபாஷ் வீட்டு பீரோவிலேயே இருந்தது. அதையே போட்டான்.

மூன்றையும் ஏற்றியதும் லேப்டாப் மூச்சுத் திணறியது. மெமரி போதவில்லை. ஒன்றைக் கழற்ற வேண்டும். காளி இல்லாமல் பாடமில்லை, செவன் இல்லாமல் காளிக்கு வேலையில்லை. நடுவில் இருந்த காவலைக் கழற்றினான். 'வீட்டுக்குள் தானே, தற்காலிகம்' என்று நோட்டில் எழுதினான். காளிக்குத் தேவையானதை இறக்குவதற்காக இன்டர்நெட்டையும் திறந்தே வைத்திருந்தான்.

மிஷின் கம்பெனிக்காரர்கள் தூரத்திலிருந்தே ரிப்பேர் பார்க்க அந்தப் பேனல் கணினியில் ஒரு தொடர்பை வைத்திருந்தார்கள். ஆன் ஆனதும் இன்டர்நெட் வழியாக ஃபேக்டரி நெட்வொர்க்கில் அது தானாகச் சேர்ந்துகொள்ளும். கம்பெனி மூடிய பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. மூலத்தில் இருப்பது நகலிலும் இருக்கும் என்பது சுபாஷுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு ஞாயிறு, லைன் ஓடாது என்பதும் அவன் கணக்கு. ஆனால் அந்த வியாழக்கிழமை கரண்ட் வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தது. அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை உற்பத்திப் பிரிவுக்கு மட்டும் வேலைநாள். பராமரிப்புப் பிரிவுக்கு அந்த நோட்டீஸ் வரவில்லை.

மிஷினை ஓட்டும் கன்ட்ரோலரின் முகவரிக்குச் சோதனையை அனுப்பினான். வீட்டில் கன்ட்ரோலர் கிடையாது, பதில் வந்திருக்கவே கூடாது. வந்தது. நகல்தான் ஏதோ பதில் சொல்கிறது என்று நினைத்து வேகத்தைக் கூட்டினான். பதில் நின்றுபோனது. 'மறுபடி பார்க்க வேண்டும்' என்று குறித்துவிட்டு இட்லி சாப்பிடப் போனான். அந்தப் பழைய கன்ட்ரோலர் திணறி அணைந்து மறுபடி ஆன் ஆகும்போது, கிளாம்பை ஒருமுறை கீழே இறக்கித் தன் இடத்தைச் சரிபார்க்கும். அந்த இரண்டு விநாடிக்குச் சென்சார் சொல்வதை அது கேட்காது. ஃபேக்டரியிலிருந்து போன் அடித்தபோது இரண்டாவது இட்லியில் கை வைத்திருந்தான்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது, அம்மாவும் மகளும் கேட்டில் நின்றிருந்தார்கள். வெளியே போகும் நேரத்தை செக்யூரிட்டி விசிட்டர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

"நீ ஏம்மா விசிட்டர் நோட்டுல?" என்று கேட்டான் சுபாஷ். கேட்காமல் போயிருக்கலாம்.

"அட்டென்டன்ஸ் பஞ்சிங் வெச்ச வெரல் தாங்கண்ணா போச்சு. மிஷினுக்கு என்னைய தெரியல." அவள் சிரிக்கத்தான் பார்த்தாள்.

சாந்தம்மா மகளிடம் தெலுங்கில் ஏதோ அதட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "நீயாவது அங்க ஒன்னுமில்லன்னு உள்ளதச் சொன்ன, தம்பி. இவ டேப்பு ஒட்டியிருப்பா போல. நாந்தான் நம்பாம உத்தனப்பள்ளியிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்து நிக்கறேன்."

அனுப்ரியா அம்மாவைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவி ராஜலட்சுமியிடம் முழுவதையும், எழுதிக் கொடுக்கப் போவதையும் சொன்னான். அவள் உருட்டிக்கொண்டிருந்த சப்பாத்தி மாவை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்குந் தெரியாதுல்லா?"

"தெரியாது."

"பெறவு எதுக்கு எழுதுதிய?"

"பெத்த தாயே நம்பலை, ராஜி."

"வேலை போகும். போலீஸ்னும் வரலாம்." விரலில் ஒட்டியிருந்த மாவை உரித்தாள். "அந்தப் புள்ளைக்கு வெரல் வருமா?"

"வராது."

அவள் எழுந்து போனாள். ஆதார் நகலும் இரண்டு வெள்ளைத் தாளும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள்.

கிருஷ்ணகிரியில் உள்ள தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதினான். குருமூர்த்தி கையில் கொடுத்தால் அது அலமாரியைத் தாண்டாது. பொருள், தேதி, நேரம். தான் என்ன செய்தான், எந்த சிஸ்டத்தைக் கழற்றினான், ஏன் கழற்றினான். பதிவு எந்தக் கணினியில் எந்தப் பெயரில் இருக்கிறது, யாரை வைத்துத் திறக்கலாம். டேப் ஒட்டப்படவில்லை. விசாரணையில் தான் சொன்னது பொய். அதே மாதிரித் தொடர்பு இரண்டாம் லைனிலும் ஆறாம் லைனிலும் இன்னும் திறந்தே கிடக்கிறது, அங்கேயும் கை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். மன்னிப்பு என்று ஒரு பத்தி எழுதினான். படித்துப் பார்த்து அதை மட்டும் அடித்துவிட்டு, முழுக் கடிதத்தையும் திரும்ப எழுதினான். நோட்டின் நான்கு பக்கங்களையும் நகலெடுத்துப் பின்னால் வைத்துக் கையெழுத்துப் போட்டான். கீழே போன் நம்பரும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஷிப்டுக்குப் போகாமல் தலைமை அஞ்சலகத்தில் வரிசையில் நின்றான். பசை டப்பாவில் மிச்சமிருந்ததை விரலால் வழித்து உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தினான். கவுண்டரில் இருந்த அம்மா எடை போட்டுவிட்டு ஸ்பீடு போஸ்ட் தானே என்று கேட்டார். ஆமாம் என்றான். நாளைக்கே போய்விடும் என்றார். ஸ்டிக்கரை ஒட்டி, முத்திரை குத்தி, தலையைத் திருப்பாமல் பின்னால் இருந்த சாக்கில் போட்டார்.