நாற்பத்தொன்றாவது கிலோமீட்டர்

இடது கால் ஷூ ஏறவில்லை. எலியானா ஒரு கரண்டியின் காம்பைக் குதிகாலுக்கும் ஷூவின் தோலுக்கும் நடுவே செருகி நெம்பினாள். அப்பா தொனாத்தோவின் பாதங்கள் கடைசி இரண்டு நாளில் வீங்கிப்போயிருந்தன.

"ரொம்ப அழுத்தாதடி, வலிக்கப்போகுது," என்றாள் அம்மா தெரேசா. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சன்னல் கதவுகள் பாதி சாத்தியிருந்தன.

"அந்த சைக்கிள் ஷூ அகலமா இருக்கும்மா. அதையே போட்டு விட்டுரலாமா?"

"கோயிலுக்குள்ள அதோடயா? முப்பது வருஷமா அதைப் போட்டுக்கிட்டு மாடிப்படியில டக்கு டக்குனு ஏறி இறங்கி என் உயிரை வாங்கினாரு. இன்னிக்காவது சத்தமில்லாம போகட்டும்."

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டு ரோசெத்தா சூப்பும் காபியும் கொண்டுவந்து மேசையில் பரப்பிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துவிட்டு உடனே சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் எலியானாவின் போன் அதிர்ந்தது. சைக்கிள் சங்கத்துத் தலைவர் பஸ்குவாலே செய்தி அனுப்பியிருந்தார்.

"முப்பத்தெட்டு பேர் வர்றோம். தொனாத்தோ திருத்தின புது வழியிலேயே. ஒரு கார்கூட கண்ணுல படாம அவருகிட்ட வந்து சேருவோம். இப்ப இருபத்தாறாவது கிலோமீட்டர்."

மணி ஒன்று ஐந்து. அவள் கரண்டியைத் தரையில் வைத்தாள். பஸ்குவாலேயின் எண்ணை அழைத்தாள். தொடர்பு இல்லை. இருபத்தாறுக்கு அப்புறம் மூர்ஜா மேட்டில் கல்லும் முள்ளும்தான், சிக்னல் கிடையாது. மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும் அதே குரல்.

அப்பா அந்த வழியைப் பதினாறு வருடம் துண்டு துண்டாகச் சேர்த்தார். பழைய ஆட்டுப் பாதைகள், காடு வெட்டிய வண்டித் தடங்கள், இரண்டு பக்கமும் கல்சுவர் போட்ட சந்துகள். கோட்டையிலிருந்து ஊர் வரை அறுபத்திரண்டு கிலோமீட்டர், எல்லாம் சரளை. ஒரே ஒரு இடம் தவிர. நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில் பாதை பெரியப்பா சவேரியோவின் நிலத்துக்குள் நுழைய வேண்டும். நுழையும் இடத்தில் ஒரு காலத்தில் மரக்கதவு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ அதைத் திறந்து போட்டுவிட்டுப் போனதில் பதினோரு ஆடுகள் நெடுஞ்சாலையில் லாரிக்கு அடியில் போயின. பெரியப்பா கதவைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தைக் கல் அடுக்கி அடைத்தார். அது ஒன்பது வருடத்துக்கு முன்னால். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசவில்லை. அப்பாவின் வழி ஆறு கிலோமீட்டர் லாரிகளோடு சுற்றிப் போயிற்று.

போன செவ்வாய்க்கிழமை, படுக்கையில் கிடந்த அப்பா கேட்டார். "சவேரியோகிட்ட போனியா? வழியைத் திறக்கச் சொன்னியா?"

போனாள். பண்ணைக்குத் திரும்பும் முனை வரைக்கும் போனாள். அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"திறந்துட்டாருப்பா," என்றாள்.

அப்பா கூரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப வழிப் படத்தைத் திருத்து. என் கண்ணு முன்னால."

அவருடைய படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து போனில் திருத்தினாள். ஆறு கிலோமீட்டரை அழித்து, எழுநூறு மீட்டருக்கு நேராக ஒரு கோடு. "கதவைக் கடந்ததும் மூடவும்னு ஒரு குறிப்பு போடு," என்றார். போட்டாள். "சங்கத்துல எல்லாருக்கும் அனுப்பிட்டியா?" அனுப்பினாள். எல்லாம் முடிந்த பிறகு சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிடலாம், அதற்குள் யார் அந்தப் பக்கம் வரப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"அம்மா, ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்."

"எங்கடி போற? மூணு மணிக்குப் பெட்டி மூட வர்றாங்க!"

மாடிப்படியில் அப்பாவின் சைக்கிளை இறக்கும்போது ரோசெத்தாவின் குரல் பின்னால் வந்தது. "கறுப்புப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு சைக்கிள்ல போறா பாரு. அப்பனைப் படுக்க வெச்சுட்டு! அப்பன் இரத்தம்தான், வேற என்ன."

சந்து முனைச் சுவரில் அப்பாவின் சாவு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை.

பண்ணைக்கு நேர் சாலையில் ஒன்பது கிலோமீட்டர். அக்டோபர் வெயிலில் சுண்ணாம்புக் கல் கண்ணைக் கூசவைத்தது. அப்பாவின் இருக்கை அவளுக்கு இரண்டு விரல் உயரம் அதிகம். இறக்கிக்கொள்ள நிற்கவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து மிதித்தாள்.

பெரியப்பா தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, மெருகு போட்ட ஷூ. காலையிலிருந்தே அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது தோளில் படிந்திருந்த வைக்கோல் தூசியில் தெரிந்தது.

"யாரது? செத்தவனை விட்டுட்டு சைக்கிள் ஓட்ட வந்தியா?"

"நீங்க வரலையே பெரியப்பா."

"யாராவது கூப்பிட்டீங்களா?"

"சாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா?"

அவர் காலடியில் கிடந்த நாயைத் தள்ளினார். பிறகு, "நோட்டீஸ்ல என் பேரு இருக்கு. 'அண்ணன் சவேரியோ'ன்னு. யாரு போடச் சொன்னது, உங்கம்மாவா?"

"அப்பா. அவரே எழுதி வெச்சிருந்தாரு. தேதிக்கு மட்டும்தான் இடம் விட்டிருந்தாரு."

"அவன் செய்வான். சாவுக்கும் பட்டியல் போட்டு வெச்சிருப்பான்."

அவள் மூச்சு இன்னும் அடங்கவில்லை. "பெரியப்பா, அந்தச் சுவரைப் பிரிக்கணும். இப்பவே. முப்பத்தெட்டு பேர் அந்த வழியா வர்றாங்க. நீங்க திறந்துட்டீங்கன்னு அப்பாகிட்ட பொய் சொன்னேன். அதை நம்பித்தான்..."

சவேரியோ எழுந்தார். "பொய் சொன்னியா? நல்லது. எனக்கும் ஒண்ணு சொல்லு. உங்கப்பன் ஒரே ஒரு வாட்டி இங்க வந்து, 'எங்க ஆளுங்கதான் திறந்து போட்டுட்டாங்கண்ணா'ன்னு சொல்லியிருந்தா நானே கதவு செஞ்சு மாட்டியிருப்பேன். என்ன சொன்னான் தெரியுமா? 'எங்க ஆளுங்க அப்படிச் செய்ய மாட்டாங்க. உன் கொக்கி சரியில்ல.' பதினோரு ஆடு. அதுல ரெண்டு சினை. கொக்கி சரியில்லையாம்!"

"அவங்க இல்ல பெரியப்பா."

"பின்ன யாரு, பேயா?"

"நான்."

தூரத்தில் ஆட்டு மணிகள் கேட்டன.

"பதினாலு வயசு எனக்கு. அப்பா இல்லாம தனியா நாற்பத்தொன்னு வரைக்கும் போக முடியுமான்னு பார்க்க வந்தேன். யார்கிட்டயும் சொல்லல. கதவைத் திறந்தது ஞாபகம் இருக்கு. கொக்கி வெயில்ல சுட்டது ஞாபகம் இருக்கு. மூடினேனான்னு மட்டும்... எனக்குத் தெரியல பெரியப்பா. தினமும் யோசிக்கிறேன். தெரியல."

"அவனுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல."

"நான் கேட்டது அது இல்ல."

பெரியப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் பழைய சைக்கிள். கைப்பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தது. பிறகு கோட்டைக் கழற்றி வாதாம் கிளையில் மாட்டினார். டையை முதுகுப் பக்கம் எறிந்துகொண்டார்.

"மேல் கல்லுல இருந்து எடு. நடுவுல கை வெச்சேன்னா மொத்தமா சரிஞ்சு கால்ல விழும்."

சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர். நெஞ்சு உயரம், இரண்டு கை அகலம். ஆனால் அவர் அடுக்கியது. ஒவ்வொரு கல்லும் அடுத்ததைக் கவ்விக்கொண்டிருந்தது. பெரிய கற்களை அவர் எடுத்தார். இடுக்கில் அடித்திருந்த சில்லுகளை அவள் பொறுக்கினாள். ஒரு கல்லுக்கு அடியில் பல்லி முட்டைகள் இருந்தன. அவர் அந்தக் கல்லைத் திருப்பி அப்படியே நிழலில் வைத்தார்.

இடுப்பளவுக்கு இறங்கியபோது சரளையில் டயர்கள் நெரியும் சத்தம் வந்தது. முதலில் பஸ்குவாலே. கையில் கறுப்புப் பட்டை. அவர் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் காலூன்றி நின்றார்கள். பஸ்குவாலே கைப்பிடியில் மாட்டியிருந்த வழிகாட்டும் கருவியைப் பார்த்தார், கற்குவியலைப் பார்த்தார், கோடு கோடாக வெள்ளைப் புழுதி படிந்து நின்ற எலியானாவைப் பார்த்தார்.

"என்னம்மா இது? வழி திறந்திருக்குன்னு போட்டிருந்தியே?"

எலியானா வாயைத் திறந்தாள்.

"திறந்துதான் இருக்கு," என்றார் சவேரியோ. "கண்ணு தெரியலையா? வேடிக்கை பார்க்காம இறங்கி ஆளுக்கு ரெண்டு கல்லைத் தூக்குங்க. சைக்கிள்காரனுங்க கால் மட்டும்தான் வளர்த்து வெச்சிருக்கீங்க போல."

முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு கல்கூடத் தேவைப்படவில்லை. கடைசி ஆள் இந்தப் பக்கம் வந்ததும், தயங்கி, "குறிப்புல 'மூடவும்'னு இருக்கே?" என்று கேட்டான்.

"போ, நான் பார்த்துக்கறேன்," என்றார் பெரியப்பா. ஓர் இரும்பு வலையை இழுத்து வந்து இடைவெளியில் சாத்தி, கம்பியால் கட்டினார். கட்டிய பிறகு இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். "நீயும் பாரு," என்றார். அவளும் இழுத்துப் பார்த்தாள்.

அவருடைய மூன்று சக்கர வண்டியின் பின்னால் சைக்கிளைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார்கள். பெட்டி மூட வந்தவன், உள்பக்கத்தைப் பற்றவைத்து அடைக்கும் துத்தநாகத் தகட்டோடும் ஊதுவிளக்கோடும் படியில் காத்திருந்தான். தெரேசா மகளின் நகங்களைப் பார்த்தாள், ஒன்பது வருடம் கழித்து வீட்டில் நுழையும் கணவனின் அண்ணனைப் பார்த்தாள். ரோசெத்தா ஒரு கோப்பை காபியை அவர் கையில் திணித்தாள். அவர் குடிக்காமல் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். தம்பியின் கால்களில் இருந்தது அந்தச் சைக்கிள் ஷூதான். எலியானா போன பிறகு அம்மாதான் மாட்டியிருக்க வேண்டும். கயிறுகூட இரட்டை முடிச்சாக இருந்தது.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். படியிறங்கும்போது முன்பக்கம் பிடிக்க ஓர் ஆள் குறைந்தது. சவேரியோ கேட்காமல் வந்து தோளைக் கொடுத்து, ஒரு கையால் பெட்டியின் பக்கவாட்டைத் தாங்கினார். சந்தில் முப்பத்தெட்டு சைக்கிள்கள் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றன. சங்கிலிகள் மட்டும் மெல்லக் கடகடத்தன.

கோயில் வாசலில் இறக்கி வைத்தபோது, பெட்டியின் மெருகு போட்ட மரத்தில், சவேரியோ பிடித்திருந்த இடத்தில், சுண்ணாம்புப் புழுதியில் ஐந்து விரலும் உள்ளங்கையும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. ரோசெத்தா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

எலியானா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மணி அடித்தது. அந்தக் கையோடுதான் பெட்டி உள்ளே போயிற்று.